வீட்டுக்கு ஒரு மீன்

வாங்க மேடம், உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. ஏகாம்பரத்தைப் பத்தி விசாரிக்கத்தானே வந்தீங்க? வாசல் கேட் பக்கத்துல நின்னு எங்க போர்டைப் படிச்சீங்களே, அப்பவே நெனச்சேன். பக்கத்துத் தெரு நர்சரி ஸ்கூல் நீங்கதானே நடத்தறது? வாட்ச்மேன் வேலை கேட்டு வந்திருப்பான். இதுக்கு முன்னாடி எங்கே இருந்தேன்னு கேட்டிருப்பீங்க. குறிஞ்சி பிளாட்ஸ்னு சொல்லியிருப்பான். அதை மறைக்காம சொன்னானே, அந்த மட்டும் சந்தோஷம்.

விசாரிக்க வந்தது ரொம்ப நல்ல காரியம். இந்தக் காலத்துல யார் விசாரிக்கறாங்க? நான் கஜபதி. ஏழு வருஷமா இந்த அசோசியேஷன் செகரட்டரி. அதுக்கு முன்னாடி ரெஜிஸ்டர் ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம். ஒருத்தனைப் பத்தி ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லமாட்டேன், குறைச்சும் சொல்லமாட்டேன். எல்லாம் மினிட்ஸ் புக்ல இருக்கு. வேணும்னா எடுத்துக் காட்டறேன். வேண்டாமா? சரி, வாயாலேயே சொல்றேன்.

திருடுவானான்னா, இல்ல. குடிப்பானான்னா, அதுவும் இல்ல. ஒன்பது வருஷத்துல இங்கே ஒரு செருப்பு காணாமப் போனதில்ல. கூரியர்காரன் கொடுக்கற கவர் ஒவ்வொண்ணையும் மாடி ஏறி வந்து கையில கொடுப்பான். அதெல்லாம் நான் இல்லேன்னே சொல்லல. பின்ன ஏன் அனுப்பினீங்கன்னு கேப்பீங்க. மீன் விஷயத்துல நம்பிக்கைத் துரோகம் பண்ணிட்டான் மேடம்.

சிரிக்கறீங்க. எல்லாரும் முதல்ல சிரிக்கத்தான் செய்யறாங்க.

பொங்கலுக்கு லாபிக்கு வெள்ளையடிச்சோம். மூலை வெறிச்சுனு இருந்தது. எதிர் பிளாட்ஸ்ல ஒரு ஆள் உசரத்துக்கு புத்தர் சிலை வெச்சு, அவர் தலையில நாள் முழுக்கத் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்காங்க. வர்றவன் போறவன் எல்லாம் அங்கே நின்னு போட்டோ எடுக்கறான். நாம மட்டும் என்ன இளப்பமா? ஜெனரல் பாடி மீட்டிங் போட்டு, லாபில மீன் தொட்டி வைக்கறதுன்னு தீர்மானம் போட்டோம். ரெண்டடித் தொட்டி. அடியில நீலக் கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து திறந்து மூடி குமிழி விடற ஒரு பொம்மை முதலை, தண்ணியைச் சுத்தம் பண்ண பஞ்சு வெச்ச ஒரு ஃபில்டர். எல்லாம் நானே நேர்ல போய்ப் பாத்து வாங்கினேன்.

அந்த மீட்டிங்ல ஏகாம்பரம் டீ கொடுத்துக்கிட்டு இருந்தான். டீ கொடுக்க வந்தவன் டீயைக் கொடுத்துட்டுப் போகணுமா இல்லையா? தட்டைக் கையில வெச்சுக்கிட்டு நின்னுட்டான். “சார், புதுத் தொட்டி சார். தண்ணிய ஊத்தி ஃபில்டரை ஓட விடுங்க. முதல்ல ரெண்டே ரெண்டு மீன் விடுங்க. ஒரு மாசம், ஒன்றரை மாசம் போவட்டும். தண்ணி பழகணும். அப்பால ஒண்ணு ரெண்டா சேத்துக்கலாம். இந்தத் தொட்டிக்கு ஆறு சின்ன மீனுக்கு மேல தாங்காது சார்.”

தண்ணி பழகணுமாம்! மீன் பழகணும்னு சொன்னாக்கூட ஏதோ அர்த்தம் இருக்கு. தண்ணி எதுக்குப் பழகணும்? அது என்ன புதுசா கல்யாணம் ஆகி வந்திருக்கா? எல்லாரும் சிரிச்சுட்டோம். அவன் விடல. “மீனு கழியறது தண்ணியிலதான் சார் இருக்கும். அது விஷம். அதைத் தின்னு தீக்கற நல்ல கிருமி ஒண்ணு ஃபில்டர்ல வளரணும். அது வளர நாளாவும்”னான். கிருமி நல்லதாம். கொளத்தூர்ல மீன் பண்ணையில பதினாலு வருஷம் வேலை பாத்தானாம். வாட்ச்மேன் வேலைக்குக் கொடுத்த விண்ணப்பத்துல அதைக் குறிப்பிடவே இல்ல. எடுத்துப் பாத்துட்டேன்.

சரி, அவன் சொல்றதையே ஒரு பேச்சுக்கு எடுத்துக்குவோம். ரெண்டு மீன். யார் வீட்டு மீன் மேடம்? சொல்லுங்க பாப்போம். இங்கே பன்னெண்டு வீடு. மெயின்டனன்ஸ் எல்லாரும் ஒரே மாதிரி கட்டறாங்க. 3C கோமதிநாயகம் உடனே எழுந்துட்டாரு. “ரெண்டு வீட்டு மீன் நீந்தும், பத்து வீட்டுக்காரன் வேடிக்கை பாக்கணுமா?”ன்னாரு. நியாயமான கேள்வி. தீர்மானம் நம்பர் நாலு, எனக்கு மனப்பாடம்: வீட்டுக்கு ஒரு மீன், அவரவர் விருப்பப்படி, பன்னெண்டும் ஒரே நாளில், ஒரே முகூர்த்தத்தில். ஏகமனதா நிறைவேத்தினோம். ஏழு வருஷத்துல இந்த அசோசியேஷன்ல ஏகமனதா நிறைவேறினது அது ஒண்ணுதான்.

தை மாசம் கடைசி வெள்ளிக்கிழமை. தொட்டிக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, ஐயர் வந்து கலசத் தண்ணியைத் தெளிச்சாரு. 1A மாமி ஒரு ஸ்பூன் பால் விட்டாங்க, மங்களகரமா இருக்கட்டும்னு. யாரோ ஒரு சிட்டிகை மஞ்சள். கோமதிநாயகம் வீட்டுது டைகர் பார்ப், புலி மாதிரி வரி போட்டது. ஒருத்தர் கோல்டு ஃபிஷ், ஒருத்தர் ஃபைட்டர், ஒருத்தர் குட்டிச் சுறா. என்னோடது ஏஞ்சல். நின்னா ஒரு கௌரவம் இருக்கும் அதுக்கு. 2B காலி வீடு, ஓனர் அபுதாபில இருக்காரு. அவருக்கு மட்டும் மீன் இல்லாமப் போகக்கூடாதேன்னு அவர் சார்பா நானே ஒரு கறுப்பு மோலி வாங்கிப் போட்டேன். விலை குறைச்சல்தான், இருந்தாலும் உரிமைன்னு ஒண்ணு இருக்கில்ல.

பையோட கொஞ்ச நேரம் தண்ணியில மிதக்க விடுங்கன்னு ஏகாம்பரம் கத்தினான். முகூர்த்தம் தாண்டிடும்னு ஐயர் கத்தினாரு. யார் பேச்சைக் கேப்பீங்க நீங்க? பன்னெண்டு பையையும் ஒண்ணா அவுத்துக் கவுத்தோம். எல்லாரும் கை தட்டினாங்க. என் சம்சாரம் கண் கலங்கிட்டா. எனக்கும்தான். ஒத்துமைன்னா அதுதான் மேடம்.

சாப்பாட்டு விஷயத்துல ஒரு சின்னச் சிக்கல் வந்தது. கடையில கொடுத்த டப்பாவைப் படிச்சுப் பாத்தா, உள்ளே காய்ஞ்ச புழு. 1A சுத்த சைவம். லாபி பொது இடம். பொது இடத்துல புழு டப்பா வைக்கறதை எப்படி அனுமதிக்க முடியும்? சைவ உணவு மட்டும்னு போர்டு எழுதிப் போட்டேன். அவரவர் மீனுக்கு அவரவர் போட்டுக்கலாம். பொட்டுக்கடலை மாவு, பொரி, சப்பாத்தித் துண்டு. வியாழக்கிழமை சுண்டல். என் சம்சாரம் காலையில முதல் ஈடு இட்லில ஒரு விள்ளல் பிச்சுப் போட்டுட்டுத்தான் எனக்கே தட்டு வைப்பா. அவ்வளவு பாசமா வளத்தோம்.

மூணாவது நாள் தண்ணி பால் மாதிரி வெளுத்துப் போச்சு. 1A மாமி விட்ட பாலாலதான்னு 1B சொன்னாங்க. அந்த ரெண்டு வீட்டுக்கும் அன்னிலேர்ந்து பேச்சுவார்த்தை இல்ல. நாலாவது நாள் பாத்தா எல்லா மீனும் மேல வந்து வரிசையா நின்னுக்கிட்டு வாயைத் திறந்து திறந்து மூடுது. பசி! குழந்தைங்களுக்கே புரிஞ்சுபோச்சு. ஓடிப்போய் ஆளுக்கு ஒரு பிடி அள்ளிக்கிட்டு வந்து போட்டாங்க. ஏகாம்பரம் குறுக்கே வந்து நின்னுக்கிட்டு, “போடாதீங்க கண்ணுங்களா, அதுக்கு மூச்சு முட்டுது, பசியில்ல”ங்கறான். பசிக்கற பிராணிக்குச் சோறு போடாதேன்னு தடுக்கற மனுஷனை நான் அன்னைக்குத்தான் முதல் முதலா பாத்தேன்.

அஞ்சாவது நாள் கோல்டு ஃபிஷ் போச்சு. ஆறாவது நாள் ரெண்டு. 3C புலி, 2D ஃபைட்டரோட வாலைக் கடிச்சுத் துண்டு துண்டாக்கி வெச்சிருந்தது. கோமதிநாயகத்துக்கும் 2D-க்கும் அடிதடி ஆகாத குறை. மோலியும் ஒரு மூலையில சாஞ்சு கிடந்தது. அப்புறம் பாத்தா அதைக் காணோம். சரி, ஏகாம்பரம் எடுத்துப் போட்டிருப்பான்னு, 2B மறைவுன்னு குறிச்சுக்கிட்டேன். அபுதாபிக்குத் தகவல் மெயில் அனுப்பினேன். பதில் வரல.

செத்த மீனை அவரவர் வீட்டுப் பூந்தொட்டில புதைச்சாங்க. கோமதிநாயகம் வீட்டுக் கறிவேப்பிலை இப்போ அப்படிச் செழிச்சிருக்கு, அது வேற விஷயம். ஆனா ஒரு வீட்டு இடம் தொட்டில காலியா இருக்கலாமா? இருக்கக்கூடாது. அன்னிக்கே போய் வேற மீன் வாங்கிட்டு வந்து விட்டுடுவாங்க. “இடத்தைக் காலியா விடுங்க சார், இருக்கறது பொழைக்கட்டும்”னு ஏகாம்பரம் ஒரே புலம்பல். அவனுக்கு என்ன, அவன் வீட்டு மீனா காலி?

நான் சும்மா உக்காந்திருக்கல மேடம். சுத்தம் போதலைன்னு எனக்குப் பட்டது. வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவறோம் இல்லையா, அந்த மாதிரி வாராவாரம் வெள்ளிக்கிழமை தொட்டியைக் காலி பண்ணிடுவேன். முழுசா. ஒரு சொட்டு விடமாட்டேன். கூழாங்கல்லைப் பாத்திரப் பவுடர் போட்டு வறட்டு வறட்டுன்னு தேய்ப்பேன். அந்த ஃபில்டர் பஞ்சு இருக்கே, ஒரு வாரத்துல பழுப்பா வழவழன்னு ஆயிடும், பாக்கவே குமட்டும். அதை பிளீச்சிங் பவுடர்ல ஊறப்போட்டு, அடிச்சுப் பிழிஞ்சு, வெயில்ல காயப்போட்டு, புதுசு மாதிரி வெள்ளை வெளேர்னு ஆக்கித்தான் திருப்பி வைப்பேன். இந்த வயசுல நான் குனிஞ்சு இதெல்லாம் செய்யறேன். ஒருத்தர் உதவிக்கு வந்தாங்களா?

ஏகாம்பரம் வந்தான். எதுக்குத் தெரியுமா? தடுக்க. “அந்த வழவழப்புதான் சார் மீனுக்கு உசுரு. அதைக் கழுவிட்டா மறுபடி முதல் நாள்தான். தொட்டித் தண்ணியிலேயே பஞ்சை ஒரு தடவை அலசினாப் போதும். தண்ணியும் கால்வாசிதான் சார் மாத்தணும்”னான். அழுக்கை உசுருங்கறவன்கிட்ட என்ன பேசறது? நம்ம சம்ப்ல, அதான் தரைக்கடித் தொட்டில, லாரித் தண்ணி, ஞாயித்துக்கிழமை குளோரின் மருந்து போடறோம். அந்தத் தண்ணியை அப்படியே ஊத்தாதீங்கன்னு சொல்லிட்டு, இவனா ரெண்டு பக்கெட்டுல தண்ணி பிடிச்சு ஒரு நாள் முழுக்கத் திறந்து வெச்சிருந்தான், மருந்து வாடை போகட்டும்னு. நான் ரவுண்ட்ஸ் வரும்போது பாத்தேன். தேங்கின தண்ணி! டெங்கு! வீட்டைச் சுத்தி தண்ணி தேங்க விடாதீங்கன்னு தெருத்தெருவா ஆட்டோல கத்திக்கிட்டுப் போறாங்க, என் பில்டிங்ல என் வாட்ச்மேனே தேக்கி வைக்கறான். அவன் கண் முன்னாலேயே கொட்டவெச்சேன். அதுக்கு ஒரு மெமோ. ரிஜிஸ்டர்ல இருக்கு.

ஏழு வாரத்துல முப்பத்தெட்டு மீன் மேடம். என்னோடதே நாலு ஏஞ்சல். நாலாவது போனபோது எனக்குத் தாங்கல. உண்மையைச் சொல்றேன், தொட்டி முன்னாடி நின்னு அழுதுட்டேன். என்ன குறை வெச்சோம்? இவ்வளவு பேர் இவ்வளவு பாத்துக்கற இடத்துல ஒரு ஜீவன் சாகுதுன்னா, யாரோ ஒருத்தன் கெடுக்கறான்னுதானே அர்த்தம்?

கேமராவைப் போட்டுப் பாத்தோம். கமிட்டி மொத்தமும் என் ஹால்ல உக்காந்து, மூணு நாள் பதிவை ஓட்டிப் பாத்தோம். காலையில என் சம்சாரம் இட்லி போடறா. 1A மாமி பொரி போடறாங்க. கோமதிநாயகம் வாக்கிங் போகும்போது ஒரு பிஸ்கெட், வரும்போது ஒரு பிஸ்கெட். ஸ்கூல் விட்டு வர்ற பசங்க முறுக்கு. ட்ரெஷரர் எதையோ பாக்கெட்லேர்ந்து எடுத்துப் போடறாரு, வேர்க்கடலைன்னாரு. எல்லாரும் பாசமா பாத்துக்கறதுக்கு அதுவே சாட்சி. அதுக்கப்புறம்தான் மேடம் வர்றான் ஏகாம்பரம். அக்கம்பக்கம் பாக்கறான். கையில டீ வடிகட்டி. தொட்டிக்குள்ள விட்டு, போட்ட சாப்பாட்டை எல்லாம் ஒண்ணு விடாம அள்ளி அள்ளி வெளியே எடுத்துட்டுப் போறான்! ஒரு நாளைக்கு அஞ்சு தடவை! மீனுங்க பட்டினியாலதான் செத்திருக்கு.

கூப்பிட்டுக் கேட்டேன். “அது அழுகினா தண்ணி கெட்டுடும் சார், அதான்”னு தலையைச் சொறியறான். கையும் களவுமா பிடிபட்டவன் வேற என்ன சொல்லுவான்?

அப்பவும் நான் வேலையை விட்டு எடுக்கல. எச்சரிக்கையோட விட்டுடலாம்னுதான் இருந்தேன். எனக்கு இரக்க சுபாவம். இருங்க, இருங்க, முடிக்கல. சரோஜா, மேடத்துக்கு ஒரு காபி கொண்டு வா. சர்க்கரை போடலாமில்ல?

மறுநாள் மோட்டார் ரூமுக்குப் போனேன். மோட்டார் பக்கத்துல ஒரு தடுப்பு மாதிரி இருக்கும், அங்கேதான் அவனும் அவன் சம்சாரம் மரகதமும் குடியிருந்தாங்க. மூலையில பெயின்ட் பக்கெட் ஒண்ணு, துணி போட்டு மூடியிருந்தது. துணியைத் தூக்கினா, மேடம், என்னத்தைச் சொல்ல! தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. உள்ளே ஒரு அழுக்குப் பஞ்சு, கொளத்தூர் பண்ணையில யாரோ பழைய சிநேகிதன்கிட்டேர்ந்து கேட்டு வாங்கிட்டு வந்தானாம், அதுல ஒரு ரப்பர் குழாய் சொருகி குமிழி வந்துக்கிட்டு இருக்கு. நான் மறைவுன்னு குறிச்சேனே, 2B-யோட கறுப்பு மோலி, அது கொழுகொழுன்னு நீந்துது. அது பின்னாடியே கடுகு வெடிச்ச மாதிரி குஞ்சுங்க. எண்ணினேன். ரெண்டு தடவை எண்ணினேன். இருபத்தி மூணு.

தாயும் சேத்து இருபத்தி நாலு மீன். ஒரு வீட்டுக்கு! அதுவும் காலி வீட்டுக்கு! தீர்மானம் நாலு என்ன சொல்லுது? வீட்டுக்கு ஒரு மீன். “ஆறாம் நாளே சாவக் கிடந்துச்சு சார், மனசு கேக்கல, எடுத்தாந்து வெச்சேன். மரகதம்தான் தெனம் ஒரு சொம்பு தண்ணி மாத்துது”ங்கறான். மனசு கேக்கலன்னா மனு கொடுக்கணும். செகரட்டரிக்கு எழுத்து மூலமா மனு கொடுத்திருக்கணும்.

அவசரக் கூட்டம் போட்டேன். தொட்டில அப்போ ஒரு மீன்கூட மிச்சமில்ல. கோமதிநாயகம் குதிகுதின்னு குதிச்சாரு. “2B-க்கு இருபத்தி நாலு, எனக்கு சைபர். இதுக்குத்தான் வரி கட்டறேனா?” இருபத்தி நாலை பன்னெண்டால வகுத்தா ரெண்டு. மீதியே இல்லாம வகுபட்டுது பாருங்க, எனக்கு மெய்சிலிர்த்துப் போச்சு. வீட்டுக்கு ரெண்டுன்னு திருத்தத் தீர்மானம். அன்னைக்கும் வெள்ளிக்கிழமை. நான் தொட்டியைக் கழுவி, பஞ்சை வெளுத்து, புதுத் தண்ணி நிரப்பி, பளிச்சுனு தயாரா வெச்சிருந்தேன்.

ஏகாம்பரம் பக்கெட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான். “பத்து நாள் கொடுங்க சார். இந்தப் பஞ்சைத் தொட்டியில போடறேன், தண்ணி பழகட்டும், அப்பால நானே விடறேன். யார் வீட்டு மீனுன்னு இதுங்களுக்குத் தெரியாது சார்”னான். மரகதம் வேற கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கறா. பத்து நாள் பக்கெட்டுல வெச்சிருந்தா, எது யாரோடதுன்னு எப்படிப் பிரிக்கறது? தீர்மானம் போட்டாச்சு, நிறைவேத்தணும். ட்ரெஷரர் பக்கெட்டைப் பிடுங்கித் தொட்டில கவுத்தாரு. அழுக்குப் பஞ்சைக் குப்பையில போட்டோம்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள குஞ்சுங்க எல்லாம் போச்சு. தாய் மட்டும் திங்கள்கிழமை வரைக்கும் இருந்தது. பிறவியிலேயே சத்தில்லாத குஞ்சுங்க. ஒரு வேலைக்காரன் பக்கெட்டுல பொறந்து வளந்தது எப்படி இருக்கும்?

திங்கள்கிழமை காலையில லாபில எல்லா வீட்டுக்காரங்களும் நிக்கறாங்க. ஏகாம்பரம் அந்த மோலியைக் கையில எடுத்தான். என்னைப் பாத்தான். ஒன்பது வருஷத்துல என்கிட்ட குரல் உசத்திப் பேசாதவன். உசத்தக்கூட இல்ல, சாதாரணமாத்தான் சொன்னான். “கழுவிக் கழுவியே கொன்னுட்டீங்களே சார்.” அவ்வளவுதான். அத்தனை வீட்டுக்காரங்க முன்னாடி. பசங்க எல்லாம் என் மூஞ்சியைப் பாக்கறாங்க.

அதை நான் மினிட்ஸ்ல ஏத்தல. எனக்குப் பழிவாங்கற புத்தி கிடையாது. மினிட்ஸ்ல இருக்கறது மூணே குத்தம்: மீன்களைப் பட்டினி போட்டது, தண்ணி தேக்கினது, அனுமதியில்லாம மீன் பெருக்கினது. அன்னிக்கு சாயங்காலமே ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டோம். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஸ்டவ், சுருட்டின பாய். ஆட்டோ வரைக்கும் நானே போய் நின்னேன், எதையாவது எடுத்துட்டுப் போறானான்னு பாக்கணுமில்ல. காலிப் பக்கெட்டை மட்டும் கேட்டு எடுத்துக்கிட்டான். கொடுத்துட்டேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்தது மேடம். ரெண்டு நாள் மத்தியானத் தூக்கமே வரல.

இப்போ திருநின்றவூர்ல மச்சான் வீட்டு மாடிப்படிக்குக் கீழ ரெண்டு பேரும் படுத்துக்கறாங்களாம், கேள்விப்பட்டேன். நாப்பது நாளா வேலையில்ல. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் விசாரிக்க வந்தாங்க. ஒருத்தர் கல்யாண மண்டபம், ஒருத்தர் மருந்து குடோன். அவங்களுக்கு உக்கார நேரமில்ல, வாசல்லயே நின்னு கேட்டாங்க. நம்பிக்கைத் துரோகம்னு ஒரே வார்த்தையில சொன்னேன். கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்க பொறுமையா உக்காந்து கேக்கறீங்க, அதனால முழுசா சொன்னேன்.

உங்ககிட்ட சொன்னா என்ன, படிச்சவங்க. எனக்கு அவன் மேல கோபம் இல்ல. வேற எங்கேயும் வேலை கிடைக்கலேன்னா இங்கேதானே திரும்பி வரணும்? வரட்டும். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கட்டும், கமிட்டில வெச்சுச் சேத்துக்குவோம். ரூம் தரமுடியாது, ரூம்ல கோமதிநாயகம் சைக்கிள் வெச்சிருக்காரு. ஆனா வேலை உண்டு. ஏன்னா, உள்ளதைச் சொல்றேன், அவன் போன நாள்லேர்ந்து மூணாவது மாடிக்குத் தண்ணி ஏறல. ஏஜென்சிலேர்ந்து ரெண்டு பேர் வந்தானுங்க, ஓடிட்டானுங்க. பிளம்பர் மூணு பேர் பாத்தாச்சு. மோட்டார்கிட்ட அஞ்சு வால்வு இருக்கு. எதைத் திறந்து எதை எவ்வளவு மூடணும்னு அந்தப் படுபாவிக்கு மட்டும்தான் தெரியும். நான் இருக்கறதும் மூணாவது மாடிதான். குளிக்கக் குடம் தூக்கறேன் மேடம், அறுபத்தெட்டு வயசுல.

அதனால உங்க ஸ்கூலுக்கு அவன் வேண்டாம். சின்னக் குழந்தைங்க இருக்கற இடம். நீங்களே யோசிச்சுப் பாருங்க.

என்ன எழுந்துட்டீங்க? காபி வந்துடும். யாருக்குப் போன் பண்றீங்க? ஓ, ஸ்கூல் விஷயமா. பண்ணுங்க, பண்ணுங்க.

என்னது? “ஏகாம்பரம் ஐயாவா பேசறது?” ஐயாவா? மேடம், வாட்ச்மேனைப் போய்... “நாளைக்கே வந்துடுங்க”வா? “மரகதம்மாவையும் கூட்டிட்டு வாங்க, பின்னாடி ரூம் காலியா இருக்கு”ங்கறீங்களே! மேடம்! இவ்வளவு நேரமும் நான் என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன், நீங்க என்ன கேட்டுக்கிட்டு இருந்தீங்க?

இருங்க, இருங்க, வெச்சுடாதீங்க. போனை வெச்சுடாதீங்க மேடம். மூணாவது மாடிக்கு எந்த வால்வைத் திருப்பணும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நான் கேட்டேன்னு சொல்லவேண்டாம்.